எங்கள் ஊர்ப் பிரதமர்களும் என் பெட்ரோல் டாங்கியும்

மலேசியாவுக்கு இரண்டு பிரதமர்களைக் கொடுத்த மண் பினாங்கு. பாயான் லெப்பாஸில் பிறந்த அப்துல்லா படாவி பெட்ரோல் விலையை ஒரே இரவில் 78 காசு ஏற்றினார். புக்கிட் மெர்தாஜத்துக்காரரான அன்வார் இப்ராஹிம் 6 காசு இறக்கினார். ஏற்றியவரையும் திட்டினோம், இறக்கியவரையும் திட்டுகிறோம். எண்ணெய் விஷயத்தில் எங்களுக்குப் பாரபட்சம் கிடையாது.

அந்தக் காலத்தில் அப்பாவுக்கு லிட்டர் கணக்கே தெரியாது. ஜெலுத்தோங்கில் டட்சனை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "தம்பி, பத்து வெள்ளிக்கு அடிப்பா" என்பார். ஆள் வைத்து அடித்துக் கொடுத்த காலம் அது, கண்ணாடியையும் துடைத்துவிடுவார்கள். கச்சா எண்ணெய் உலகச் சந்தையில் ஏறியதா இறங்கியதா என்று அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாதபடி அரசாங்கம் 1983இல் ஓர் ஏற்பாடு செய்திருந்தது. நிலையத்தில் எழுதிய விலைதான் விலை. உலக விலை குறைந்தால் நடுவில் வரி புகுந்துகொள்ளும், கூடினால் மானியம் வந்து தாங்கும். நாட்டில் எண்ணெய் எடுக்கிறோம், பெட்ரோனாஸ் இருக்கிறது, மலிவு நம் பிறப்புரிமை என்று வளர்ந்தோம். பத்து வெள்ளிக்கு அடிக்கிற அப்பாவைவிட, டாங்கி நிறைய அடிக்கிற மெர்சிடிஸ்காரருக்குத்தான் அந்த மானியத்தில் பெரிய பங்கு என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

2008 ஜூன் 4ஆம் தேதி மாலை உறைத்தது. கச்சா எண்ணெய் பேரலுக்கு நூறு டாலரைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தது. நள்ளிரவோடு 1.92 வெள்ளி 2.70 ஆகிறது என்றார் படாவி. பினாங்கு ஆட்சியை நாங்கள் எதிர்க்கட்சிக்குத் தூக்கிக் கொடுத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "பழிவாங்குகிறார்" என்று அடித்துச் சொன்னவர்கள், நாடு முழுக்க விலை ஏறியது என்பதைக் காதில் வாங்கவில்லை. டத்தோ கிராமாட் சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை. எண்ணெய் வீணாகக் கூடாதென்று எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு கை ஸ்டீரிங்கில், ஒரு கை கதவில், காரைத் தள்ளிக்கொண்டே போனோம். 20 லிட்டருக்கு மிச்சம் 15 வெள்ளி 60 காசு. மீ கோரிங், தே தாரே, பிள்ளைகளுக்கு ஐஸ் காச்சாங் என்று அதில் பெரும்பகுதி சாலையோரத்திலேயே கரைந்தது.

ஆறுதலாக, 2,000 சிசிக்கு உட்பட்ட கார்களுக்கு 625 வெள்ளி கொடுத்தார்கள். அதை வாங்க அஞ்சலகத்தில் இன்னொரு வரிசை. ஆண்டு முடிவதற்குள் பெட்ரோல் 1.80க்கு இறங்கி, பழைய விலைக்கும் கீழே போனது. எண்ணெயைக் காரணம் காட்டி ஏறிய ரொட்டி சானாய்க்கு மட்டும் இறங்க மனம் வரவில்லை.

2014 டிசம்பரில் மானியத்தையே எடுத்துவிட்டார்கள். இனிப் பிழைக்க முடியாது என்று ஊர் புலம்பி முடிப்பதற்குள் உலகச் சந்தை சரிந்தது. மானியத்தோடு 2.30 ஆக இருந்த ரோன் 95 பெட்ரோல், மானியமே இல்லாமல் பிப்ரவரியில் 1.70. 2017இல் வாராவாரம் விலை மாறத் தொடங்கியதும், புதன்கிழமை மாலைகளில் சாப்பாட்டுக் கடை மேசைகளில் எல்லாரும் சோதிடரானோம். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, 2.20இல் விலையைப் பிடித்து நிறுத்தினார்கள். சோதிடர்களுக்கு வேலை போனது. 2020 ஏப்ரலில் லிட்டர் 1.25! அப்பா காலத்துக்கே திரும்பிவிட்டோம் என்று பூரித்தோம். ஆனால் கொரோனா கட்டுப்பாடு. வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. மலிந்த எண்ணெயை டாங்கியில் வைத்து அழகு பார்த்தோம்.

இப்போது புது ஏற்பாடு. 2025 செப்டம்பர் 30 நிலவரப்படி, ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை 6 காசு குறைத்து 1.99, மற்றவர்களுக்கு 2.60. பணம் எடுக்குமுன் மைகாட் அடையாள அட்டையை எடுக்க வேண்டும். அட்டையைச் செருகுவதும், இயந்திரம் முறைப்பதும், சிப்பைச் சட்டையில் தேய்த்து மறுபடி செருகுவதும், பின்னால் நிற்பவர் ஹாரனில் கை வைப்பதும் நிலையத்துக்கு நிலையம் நடக்கிறது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பினாங்குப் பாலம் வருமுன்பே இந்தத் தீவில் கார் ஓட்டியவர். ஆனால் கையில் இருப்பது சிவப்பு ஐ.சி.; நிரந்தரவாசிதான், குடிமகன் இல்லை. "நான் அந்நியன் என்று இத்தனை வருஷமாகச் சொன்னார்கள் தம்பி, எவ்வளவு என்று இப்போதுதான் தெரிந்தது. லிட்டருக்கு 61 காசு" என்று அப்போது சிரித்தார்.

என் மச்சான் வேறு ரகம். தீவுக்குள்ளேயே வேலை, மாதம் நூறு லிட்டர் தாண்டாது. மிச்சம் அடுத்த மாதத்துக்குச் சேராது என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. மாதக் கடைசியானால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தெலுக் பஹாங், பாலிக் பூலாவ் என்று தீவைச் சுற்றுகிறார். ஏன் என்று கேட்டால், "கவர்மெண்ட் கொடுக்குறத ஏன் மச்சான் விடணும்?" என்கிறார். மானியம் வீணாகாமல் தடுக்க வந்த திட்டத்தில், மானியக் காசை விடக்கூடாதென்று லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு செலவழித்துக்கொண்டிருக்கிறார், எங்கள் குடும்பத்தின் ஒரே சிக்கனக்காரர்.