மால்பெக்கு குடிக்கிற பேராண்டிக்கு

ஏண்டா பேராண்டி, அந்தக் கிளாசைப் போட்டு ஏண்டா இந்தச் சுத்து சுத்துறே? குடிக்கப் போறியா, இல்ல மோரு கடைஞ்சு வெண்ணெ எடுக்கப் போறியா?

அல் ஐன் ஓட்டல்ல உக்காந்துக்கிட்டு, "தாத்தா, இது ஒத்தத் தோட்டத்து மால்பெக்கு ஒயினு"ன்னு பீத்திக்கிறே. அர்ஜென்டினாவுல மெண்டோசாவாம். பக்கத்துத் தோட்டத்துப் பழம் ஒண்ணுகூடக் கலக்க மாட்டாய்ங்களாம். சரி, ஒத்துக்கிறேன். மண்ணு மாறுனா ருசி மாறும். நம்ம கம்பம் பள்ளத்தாக்குல பன்னீர் திராட்சையை வாயில போட்டதுமே எந்தக் காட்டுப் பழம்னு சொல்ற கிழவிக இருக்காக. அதுக்கு அவுக யாருகிட்டயும் காசு வாங்குனதில்ல.

மோந்து பாத்துட்டு "வயலட் பூ வாசம் வருது"ங்கிறே. வயலட் பூவை நீ எங்கிட்டுடா பாத்தே? மல்லியும் கனகாம்பரமும் கட்டுன வீடுடா நம்ம வீடு. "பிளம்"ங்கிறே. நாவப்பழம்னு சொல்லேன், நானும் தலையாட்டுறேன். கண்டதை, தின்னதைச் சொல்லு. யாரோ எழுதி வச்சதை மூக்கு வழியா ஒப்பிக்காதே.

கதை கேளு. மால்பெக்குக்குப் பூர்வீகம் பிரான்சு, காவோர் பக்கம். சார்மியெண்டோன்னு ஒருத்தர், பின்னால அர்ஜென்டினாவுக்கே சனாதிபதியானவரு, மிஷேல் பூஜேங்கிற பிரெஞ்சுக்காரரை மெண்டோசாவுக்குக் கூப்பிட்டாரு. 1853ல அவரு கொண்டாந்த குச்சிகள்ல ஒண்ணுதான் இது. அதுக்கு 21 வருசம் முன்னாலயே, 1832ல, ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் நம்ம பக்கம் பன்னீர் திராட்சையைக் கொண்டாந்தாராம். ரெண்டும் பிரெஞ்சுக்காரன் கையில வந்த கொடிதான். அர்ஜென்டினாக்காரவுக ஏப்ரல் 17ஐ மால்பெக்கு நாளுன்னு ஊரு உலகமெல்லாம் கொண்டாட வச்சுட்டாக. நமக்கு 2023லதான் புவிசார் குறியீடே வந்துச்சு. பழம் இன்னமும் பொட்டியில அடைஞ்சு லாரியில போயிக்கிட்டு இருக்கு.

உங்கப்பன் பந்தல்ல கவாத்துக்கு ஒரு கை குடுடான்னா "இடுப்பு வலி"ன்னு ஓடுன பய நீ. இங்க வந்து எந்தத் தோட்டம், எந்தச் சரிவுன்னு விசாரணை நடத்துறே!

சங்கதி இல்லாம இல்ல, அதையும் சொல்லிப்புடுறேன். அதே மெண்டோசாவுல கட்டேனான்னு ஒரு குடும்பம், 1992ல அட்ரியானாங்கிற தோட்டத்தை ஏறக்குறைய 1,500 மீட்டர் உசரத்துல போட்டாக. நாம காருல வளைஞ்சு வளைஞ்சு ஏறுற ஜெபல் ஹபீத் உச்சியைவிட அது உசரம். பகல்ல வெயில் சுள்ளுன்னு அடிக்கும், தோலு தடிக்கும், நெறம் ஏறும். ராத்திரி குளிரு, புளிப்பு செத்துப்போகாம பாத்துக்கும். இப்படிச் சொல்லு, உக்காந்து கேக்குறேன்.

அங்கயும் மழைக்குப் பஞ்சம்தான். ஆண்டிஸ் மலைப் பனி உருகி வாய்க்கால்ல வருது. இந்த ஊருல பலஜ்ஜுன்னு ஒரு வாய்க்கால் ஓடுதே, பாத்திருக்கியா? அந்தத் தண்ணி குடிச்சு வளந்த பேரீச்சந்தோப்புல ஒண்ணரை லட்சத்துக்குக் கிட்ட மரம் நிக்குது, நூறு வகை இருக்கும். 2011லயே யுனெஸ்கோ பட்டியல்ல ஏத்திட்டாக. உள்ள போகக் காசு கெடையாது. நீ எட்டிக்கூடப் பாக்கல. பேரீச்சையில கலாஸ் எது, பர்து எதுன்னு கேட்டா முழிக்கிறே. ஏழு கடல் தாண்டி இருக்கிற தோட்டம் மட்டும் தெரியுதாக்கும்?

இன்னொண்ணு. "சிவப்பு ஒயினை அறைச் சூட்டுலதான் குடிக்கணும்"னு எவனோ சொன்னான்னு பாட்டிலை மேசையிலயே வச்சிருக்கே. அது எவன் அறைடா? குளிரு நாட்டுக்காரன் அறை, 16, 18 டிகிரி. இங்க ஆடி மாசம் வெளிய 45. பேசாம பிரிட்ஜுல கொஞ்ச நேரம் வச்சு எடு. எவனாச்சும் சிரிச்சா, அவன் கிளாசுல கையை வச்சுப் பாக்கச் சொல்லு.

என்ன, முடிச்சாச்சா? நல்லா இருந்துச்சா? அம்புட்டுதான் கேட்டேன், மார்க்கு கேக்கல. சரி, கார் சாவியை இங்க குடு. இந்த நாட்டுல ஒரு மொடக்கு குடிச்சுட்டு வண்டியை எடுத்தாலும் குத்தம். டாக்சிக்குச் சொல்லியாச்சு, கெளம்பு.