புள்ளிக் கணக்குப்பிள்ளை

பிப்ரவரி நெருங்கினால் வேல்ஸின் கார்டிஃப் நகர அலுவலகங்களில் யாராவது ஒருவருக்கு நடையே மாறிவிடும். மற்ற மாதங்களில் அவர் கணக்குப் பிரிவில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, அடுத்தவர் கொடுத்த டாக்ஸி ரசீதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் சாது. ஆறு நாடுகள் ரக்பி வந்துவிட்டாலோ அவரே கலெக்டர், அவரே மாஜிஸ்டிரேட். அலுவலகத்து ஸ்கோர் ஊகப் போட்டிக்குப் புள்ளி போடுகிறவர் அவர்தான்.

போட்டி ஒன்றும் பிரமாதமில்லை. ஆளுக்கு 5 பவுண்டு. 6 அணிகள், 15 ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஸ்கோரை முன்கூட்டியே எழுதி அனுப்பவேண்டும். ஜெயிக்கிற அணியைச் சரியாகச் சொன்னால் 3 புள்ளி. வித்தியாசமும் 5-க்குள் ஒத்துப்போனால் மேலும் 2. ஸ்கோரையே அச்சாகச் சொல்லிவிட்டால் 10. ஒரு தீப்பெட்டியின் முதுகில் எழுதிவிடலாம். கணக்குப்பிள்ளையின் விதிமுறையோ நான்கு பக்கம், பொடி எழுத்து, கடைசிப் பக்கத்தில் ‘விளக்கத்துக்கு விளக்கம்’. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு வழக்கு இருக்கிறது. வாதியும் பிரதிவாதியும் இன்றும் லிஃப்ட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

முதல் விதி புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பையனால் வந்தது. பிரான்ஸ் 20, இத்தாலி 4 என்று எழுதி அனுப்பிவிட்டான். கணக்குப்பிள்ளை மின்னஞ்சலில் பதில் போடவில்லை. இரண்டு மாடி ஏறிப் போனார். “தம்பி, ட்ரை வைத்தால் 5. பெனால்டிக்கு 3, டிராப் கோலுக்கும் 3. கன்வெர்ஷனுக்கு 2 உண்டு, ஆனால் ட்ரை வைத்த அணியைத்தான் அதை உதைக்கவே விடுவார்கள். இப்போது சொல், 4 எப்படி வரும்?” பையன் விரல் விட்டுப் பார்த்தான். வரவில்லை. 1 வராது, 2 வராது, 4-ம் வராது. அன்றிலிருந்து அந்த மூன்று எண்களையும் அவருடைய எக்செல் ஏற்பதில்லை. அழுத்தினால் கட்டம் சிவந்துவிடும்.

டிராவுக்கு என்ன புள்ளி என்பது 2019-இல் முளைத்த வழக்கு. டுவிக்கன்ஹாமில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து 31-0 என்று முன்னால் நின்றது. இங்கிலாந்தை எழுதியிருந்தவர்கள் டீ போடப் போனார்கள். திரும்பி வந்தபோது ஸ்காட்லாந்து 38-31 என்று முந்தியிருந்தது. நேரம் முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் ஜார்ஜ் ஃபோர்ட் ட்ரை வைத்து, அவரே கன்வெர்ஷனும் உதைத்து, 38-38. கல்கத்தாவில் ஒரு ரக்பி கிளப் கலைந்தபோது மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைக்கான ஆட்டம் அது. டிரா ஆனால் ஏற்கெனவே வைத்திருப்பவரிடமே கோப்பை இருந்துவிடும் என்று அதற்கொரு தெளிவான வழி உண்டு. அலுவலகப் போட்டிக்கு வழியில்லை. இரு தரப்பும் 3 புள்ளி கேட்டன. கணக்குப்பிள்ளை ஆளுக்கு ஒன்றரை கொடுத்தார். எக்செல்லில் அன்றைக்கு நுழைந்த அந்த அரைப் புள்ளி, வீட்டுக்குள் புகுந்த எலி மாதிரி, இன்னும் வெளியே போகவில்லை.

இதெல்லாம் சில்லறை. அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது 2022 மார்ச் 19. ஆறு நாடுகள் போட்டியில் வரிசையாக 36 ஆட்டம் தோற்றிருந்த இத்தாலி கார்டிஃபுக்கு வந்தது. அலுவலகமே வேல்ஸ் என்று எழுதியது. ஒருவர் மட்டும், மாமியார் வேல்ஸ்காரி என்ற ஒரே காரணத்துக்காக, இத்தாலி 40, வேல்ஸ் 3 என்று எழுதினார். ஆட்டம் முடியச் சற்று முன்பு வேல்ஸ் 21-15. அப்போது காபுவோசோ என்ற ஒல்லிப் பையன் வலப்பக்கம் பந்தோடு நெளிந்து ஓடி, பதோவானியிடம் கொடுத்தான், ட்ரை. 21-20. விதிமுறைப்படி ஊகம் அனுப்பியிருந்த ஓர் அம்மாள் எழுதியிருந்ததும் வேல்ஸ் 21, இத்தாலி 20! கம்பத்துக்கு நேரெதிரே கன்வெர்ஷன். கார்பீசி உதைத்தார். 22-21.

அம்மாளுக்குப் பூஜ்யம். மாமியார்க்காரருக்கு 3.

எது நிஜத்துக்கு அருகில்? ஒரு நிமிஷம் போல முழு உண்மையாகவே இருந்துவிட்டு, கடைசியில் 2 புள்ளியில் தவறிய ஊகமா? 18-ம் 18-ம் பிசகி, பழிவாங்கும் நோக்கில் ஜெயித்த அணியை மட்டும் சரியாகச் சொன்ன ஊகமா? திங்கட்கிழமை முழுக்க இதே வாதம். தோற்ற துக்கத்தைவிட இந்த அநியாயம் பெரிதாக இருந்தது. கணக்குப்பிள்ளை ‘நெருக்கப் புள்ளி’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்: 10-இல் தொடங்கி, இரு அணிகளின் ஸ்கோரிலும் எவ்வளவு பிசகோ அவ்வளவைக் கழி. அம்மாளுக்கு 8. மாமியார்க்காரருக்கு மைனஸ் 26. அவர் அழைக்கச் சொன்னது மனிதவளத் துறையை.

பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற விதி அப்படித்தான் பிறந்தது. நல்லவேளை. 2025-இல் கார்டிஃபிலேயே இங்கிலாந்து 68-14 என்று அடித்தபோது அது இல்லாவிட்டால் அலுவலகமே கடனில் மூழ்கியிருக்கும். அந்த வருஷத்து முதல் ஆட்டம் பாரிஸில், வெள்ளிக்கிழமை ராத்திரி. சனிக்கிழமை என்று நினைத்துப் பாதிப் பேர் அனுப்பவில்லை. அவர்களுக்கு விதிப்படி பூஜ்யம். தேசபக்தியோடு வேல்ஸ் என்று அனுப்பிய மீதிப் பேருக்கும், பிரான்ஸ் 43-0 என்று ஜெயித்ததால், பூஜ்யம். இப்படி ஒரு சமத்துவத்தை அவர் எதிர்பார்க்கவில்லை.

“வருஷா வருஷம் விதியை மாற்றுகிறீர்களே” என்று யாராவது கேட்டால் பதில் தயார். ரக்பியே அப்படித்தானாம். ஆதியில் ட்ரைக்குப் புள்ளியே கிடையாது. கோலுக்கு உதைத்துப் பார்க்க உத்தரவு கிடைக்கும், அவ்வளவுதான். பிறகு புள்ளி வந்தது; 1971-இல் அதை 3-லிருந்து 4 ஆக்கினார்கள், 1992-இல் 5. அதைவிட அவர் கண் பனிக்கச் சொல்லும் சங்கதி ஒன்று உண்டு. 2017-இல் ஆறு நாடுகள் போட்டிக்கு போனஸ் புள்ளி வந்தது. வெற்றிக்கு 4, நான்கு ட்ரைக்கு 1, ஏழு புள்ளிக்குள் தோற்றாலும் 1. ஐந்து ஆட்டத்தையும் போனஸ் இல்லாமல் ஜெயித்தவனுக்கு 20. நான்கை போனஸோடு ஜெயித்து, ஐந்தாவதில் இரண்டு போனஸ் வாங்கித் தோற்றவனுக்கு 22. எல்லாவற்றையும் ஜெயித்தவன் இரண்டாம் இடமா? அதனால் கிராண்ட் ஸ்லாம் அடித்தால் கூடுதலாக 3. “எங்கேயோ ஒரு மேஜையில் என்னைப் போல ஒருத்தன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து யோசித்திருக்கிறான், பாருங்கள்” என்பார். எந்த ட்ரையையும் அவர் இவ்வளவு ரசித்து நான் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. மூன்றாவது மாடியில் பைப்லைன் வரைபடம் போடுகிற மனிதர். பதினைந்து ஆட்டத்துக்கும், சொந்த மைதானத்தில் ஆடும் அணி யாராக இருந்தாலும் சரி, 24-17. ஜனவரியிலேயே மொத்தத்தையும் அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு ஆட்டத்தையும் பார்ப்பதில்லை, பட்டியலையும் பார்ப்பதில்லை. வருஷம் தவறாமல் முதல் மூன்று பேரில் ஒருவராக வந்து நிற்கிறார். காயம்பட்ட வீரர்கள், மழை, நடுவர் யார் என்றெல்லாம் ஆராய்ந்து எழுதும் கணக்குப்பிள்ளைக்கு ஒன்பதாவது இடம்.

போன வருஷம் புது விதி போட்டார்: ஒரே ஸ்கோரை அடுத்தடுத்த ஆட்டங்களுக்கு எழுதக் கூடாது. மூன்றாவது மாடியிலிருந்து அன்று மாலையே பதில் வந்தது: 24-17, 23-16, 24-17, 23-16. இப்போது ‘ஏறக்குறைய அதே ஸ்கோர்’ என்பதற்கு ஓட்டை இல்லாத வாசகம் எழுதித் தரச் சொல்லி, சட்டப் பிரிவில் இருக்கும் பெண்மணியின் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.