பெல்ட்தானே, நாமே மாட்டிடலாம்!

டைமிங் பெல்ட் மாற்ற மெக்கானிக்குக் கூலி தண்டம் என்று ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறக்கும் கனவான்களே! அந்த ரப்பர் பெல்ட்டை எட்டுவதற்குள் சக்கரம், கவர், கிராங்க் புல்லி எல்லாம் கழல வேண்டும். புல்லி போல்ட் மட்டும் அசையாது. ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி, மச்சானை அதன்மேல் ஏற்றவேண்டும்.

பல இன்ஜின்களில் வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவதும் இதே பெல்ட்தான். அதையும் கையோடு மாற்றாவிட்டால், அது ஒழுகும் நாளில் மறுபடி மச்சானைக் கூப்பிட வேண்டிவரும்.

கிராங்க், கேம் இரண்டிலும் உள்ள குறிகளைச் சேர்த்துப் பெல்ட்டை மாட்டியபின், கிராங்கைக் கையால் 2 சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கேம் 1 சுற்று வந்து, குறிகள் மறுபடி சேர வேண்டும். சேராமல் சாவியைத் திருப்பினால் வால்வும் பிஸ்டனும் கைகலப்பில் இறங்கலாம். மிச்சம் பிடித்த கூலி, ஹெட் வேலைக்கு அட்வான்ஸ்!