கீறல் விழுந்த ஆண்டிரோமீடா

1986இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்து போனபோது நம்மில் பலருக்கும் வந்த வானக் காய்ச்சல் ஒரு மாதத்தில் இறங்கியிருக்கும். எனக்கு மட்டும் இறங்காமல், அந்த மார்கழியில் சித்தப்பாவின் செனித் கேமராவைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு, சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகும் சாலையோரத்துக் கிணற்றுமேட்டில், தலையில் துண்டைச் சுற்றியபடி, 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் ஆண்டிரோமீடா விண்மீன் மண்டலத்தைப் படமெடுக்கக் கரண்ட் போகிற நேரம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போனதும், நாளெல்லாம் தடதடத்த விசைத்தறிகள் சட்டென்று வாயை மூட, அந்த அமைதியில் வடக்கே ராஜபாளையத்துப் பக்கம் விபூதியை இழுகினாற்போல ஒரு மங்கல் தெரியும். நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். ஓரக்கண்ணால் பார்த்தால்தான் முகம் காட்டும். எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பழகிய கண்ணுக்கு அது சிரமமாயில்லை.

பல்பு முறையில் ஷட்டரை ஐந்தைந்து நிமிடமாக இரண்டு தடவை திறந்து வைத்தேன். பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி திரும்பும் என்று படித்திருந்தேன்தான். எங்கள் கிணற்றுமேடும் அந்தப் பூமியில்தான் இருக்கிறது என்பது உறைக்கவில்லை. 1888லேயே இங்கிலாந்தில் ஐசக் ராபர்ட்ஸ் என்பவர் தொலைநோக்கியை வானத்தோடு சேர்த்துத் திருப்பி, ஆண்டிரோமீடாவின் சுருள் கைகளைக்கூடப் பிடித்துவிட்டார் என்பது பிற்பாடு தெரிந்த சங்கதி.

36 படமும் முடியாமல் ரோலைக் கழுவக் கொடுப்பது ஊதாரித்தனம் அல்லவா? அக்காவின் வளைகாப்பு வரை காத்திருந்து கொடுத்தேன். ஸ்டூடியோ அண்ணாச்சி நெகட்டிவை விளக்கில் பிடித்துக் காட்டினார். "இந்த ரெண்டுலயும் ஒரே கீறலாக் கெடக்கு தம்பி, பிரிண்டு போடல. காசும் வேண்டாம்." நட்சத்திரங்கள் இழுத்த கோடுகள் அவை. 25 லட்சம் வருஷம் நடந்து வந்த வெளிச்சத்துக்கு அண்ணாச்சி கொடுத்த தள்ளுபடி அது.

வளைகாப்பில் வயிற்றிலிருந்த மருமகன்தான் போன மார்கழியில் என்னை வண்டியில் மலையடிவாரம் வரை கூட்டிப்போனான். கிணற்றுமேட்டில் இப்போது எல்இடி விளக்கு, கரண்ட் போனாலும் வீடுதோறும் இன்வெர்ட்டர். செல்போன் தானாகவே படம் படமாக எடுத்து, நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரத்தைப் பொருத்தி அடுக்க, கால்மணி நேரத்தில் முட்டை வடிவில் ஆண்டிரோமீடா திரையில் எழுந்தது. அதுவரை நாங்கள் இரண்டு பேருமே தலை தூக்கவில்லை.

படத்தின் குறுக்கே ஒரு கோடு. "செயற்கைக்கோள் மாமா" என்றான்.

"கெடக்கட்டும்ல" என்று நான் சொல்வதற்குள் அழித்துவிட்டான்.