தலை வெளுத்தால் வாலிபம்!

கேள்வி: பருந்தின் வயதை இறகைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்களாமே, எப்படி?
(வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: நமக்குத் தலை வெளுத்தால் முதுமை; செம்பருந்துக்கு வாலிபம்! கும்பாபிஷேகத்தன்று அண்ணாந்து கும்பிடுகிறோமே, அதே கருடன்தான். வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்பும் மூன்றாம் வயதில்தான் முழுதாக வரும். அதுவரை அழுக்குப் பழுப்பு. கரும்பருந்து என்று நினைத்து, பாவம், யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை. வாலைப் பாருங்கள்: கரும்பருந்துக்கு நுனி பிளந்திருக்கும், இதற்கு வட்டம். இன்னொரு துப்பு, இளசின் சிறகு முழுக்க ஒரே பதம். எல்லாம் கூட்டிலேயே சேர்ந்து முளைத்தவை. பெரியதில் பழசும் புதுசும் கலந்திருக்கும். மூன்றைத் தாண்டினால் நாலா, பதினாலா என்று இறகு வாயைத் திறக்காது. குஞ்சிலேயே காலில் வளையம் மாட்டியிருந்தால்தான் உண்டு.