குடில் கட்ட அனுமதி கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: கிளை அதிகாரி, நாகர்கோவில் பக்கத்து வங்கிக் கிளை ஒன்று. (பெயர் எதற்கு? மகளுக்கு இன்னும் ஒரு தவணை பள்ளிக் கட்டணம் பாக்கி இருக்கிறது.)

பெறுநர்: மேன்மை தங்கிய மண்டல அலுவலகம்.

பொருள்: டிசம்பர் 24 மாலை வீட்டில் இருக்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்து மின்னஞ்சல், இன்று காலை. 2. தங்கள் ஆய்வுக் கூட்ட அழைப்பு, வாழ்த்து வந்த கையோடு.

ஐயா,

பார்வை 1-இல் கண்ட வாழ்த்து கிடைக்கப் பெற்றேன். பனிமனிதன், கலைமான், பனி மூடிய மரம் எல்லாம் நன்றாக இருந்தன. தலைக்கு மேல் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ‘இந்த இனிய மாலையைக் குடும்பத்துடன் கழியுங்கள்’ என்று முடித்திருந்தீர்கள். நெஞ்சு நெகிழ்ந்துகொண்டிருக்கும்போதே பார்வை 2 வந்து விழுந்தது: மாலை 6.30-க்குக் காணொளிக் கூட்டம், கேமரா கட்டாயம் ஆன் செய்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே அலுவலகத்தின் உத்தரவுகள். எதற்குக் கீழ்ப்படிவது என்று தெளிவுரை வேண்டியே மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்து டிசம்பர் தங்களுக்குத் தெரிய நியாயமில்லை. 3-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவார். பள்ளிக்கூடம் மூடும், தாலுகா ஆபீஸ் மூடும். அறிவிப்பின் கடைசியில் வரும் ஒரு வரி மட்டும் எங்களுக்காகவே எழுதப்பட்டது: இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டம், 1881-இன் கீழ் வராது. விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டத்தில் சவேரியார் பெயர் விட்டுப்போய்விட்டதால் ஊரே திருவிழாவில் நிற்க, நாங்கள் ஷட்டரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். வந்தவர்களில் பாதிப் பேர் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தவர்கள். தாங்கள் அன்றைக்குத்தான் காப்பீட்டு பாலிசி பிடிக்கும் ‘லாகின் டே’ வைத்திருந்தீர்கள்.

அப்புறம் நவம்பர் 30-க்குள் வாழ்நாள் சான்று கொடுக்க மறந்த ஓய்வூதியர்கள். தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காது. “நான் உயிரோடதானே நிக்கேன், கண்ணுல தெரியலியா மக்களே?” என்பார்கள். எனக்குத் தெரிகிறது, சர்வருக்குத் தெரியவில்லை. அப்புறம் லீவுக்கு வந்த வளைகுடாக்காரர்கள். அப்புறம் 31-ஆம் தேதிக் காலாண்டு முடிவு. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. 2016 டிசம்பரில் செல்லாமல்போன பழைய ஐந்நூறு, ஆயிரத்தோடு நின்ற வரிசையைச் சமாளித்தவர்கள் நாங்கள். வேலை எங்களுக்குப் புதிதல்ல.

இன்று நகை திருப்பும் நாள். தங்கள் சுற்றறிக்கை எதிலும் இப்படியொரு நாள் கிடையாது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அடகுக்கு வந்த சங்கிலியும் கம்மலும் இன்று நள்ளிரவுப் பூசைக்குக் கழுத்துக்கும் காதுக்கும் போயாக வேண்டும். பதினொன்றரை வாக்கில் ஓர் அம்மா வந்தார். சீட்டுப் பணம், மகன் மஸ்கட்டிலிருந்து அனுப்பியது, கோழி விற்றது என்று தனித்தனியாக ரப்பர் வளையம் போட்ட நோட்டுகளைக் கவுண்டரில் வைத்தார். வட்டியோடு கணக்குப் பார்த்தால் எண்பது ரூபாய் குறைந்தது. பின்னால் நின்ற, அவருக்கு முன்பின் தெரியாத ஒருவர் நூறு ரூபாயை நீட்டினார். மீதி இருபதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

பெட்டகத்துக்குச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், மற்றது மேலாளரிடம். மேலாளரோ தங்களோடு போனில் இருந்தார். இன்றைக்கு எத்தனை பாலிசி என்று தாங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அரை மணி நேரம் அந்த அம்மா நின்றுகொண்டே இருந்தார். பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்ததும் சங்கிலியை அங்கேயே போட்டுக்கொண்டு கவுண்டர் கண்ணாடியில் கழுத்தைப் பார்த்தார். தங்கள் அறிவுறுத்தலின்படி அந்தக் கணத்தில் நான் அவருக்கு ஓர் ஓய்வூதியத் திட்டத்தை விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை. குற்றக் குறிப்பாணை அனுப்புவதானால் தமிழில் அனுப்பவும். வீட்டில் என் மாமியாருக்கும் வாசித்துக் காட்டலாம்.

இனி மாலை. கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் வேண்டுமென்று மகள் முன்கூட்டியே பழைய தாம்பாளத்தில் கேழ்வரகு விதைத்திருந்தாள். விரல் நீளத்துக்கு வந்துவிட்டது. கசக்கிய சிமெண்ட் காகிதத்தில் மலை, உடைந்த முகக்கண்ணாடியில் குளம், குளத்தில் பிளாஸ்டிக் வாத்து. பெத்லகேமில் வாத்து உண்டா என்று என் கணவர் வருடா வருடம் கேட்பார். வருடா வருடம் வாத்தும் இருக்கும். ஒட்டகத்துக்கு ஒரு கால் கிடையாது, சுவரோரம் சாய்த்து வைப்போம். குழந்தை சுரூபம் மட்டும் பூசை முடியும்வரை மாமியின் பீரோவில்.

மாமியின் அடுக்களையைப் பற்றித் தாங்கள் அறிவது நல்லது. முந்திரிக்கொத்து ஞாயிற்றுக்கிழமையே முடிந்தது. வறுத்துத் திரித்த சிறுபயறு, வெல்லப்பாகு, தேங்காய், எள். உருட்டி, அரிசி மாவுக் கரைசலில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டிக்கொள்ளும்படி எண்ணெயில் போட வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா கூப்பிடாமலே வந்து உருட்டினார். எதிர்வீட்டு உம்மா பாகுக்குப் பதம் சொன்னார். எத்தனை ஆச்சு, எத்தனை ஆச்சு என்று யாரும் மணிக்கொரு தரம் போன் செய்யவில்லை. இரண்டு டின் நிறைந்தது. இன்று ஆப்பத்துக்கு மாவு அரைக்க வேண்டும், வாசலில் ஸ்டார் கட்ட வேண்டும். “இண்ணைக்காவது நேரத்தே வந்திருவியா மக்களே?” என்று காலையில் கேட்டார். வாழ்த்து மின்னஞ்சலை நம்பி, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு சிக்கல். ஒன்பது மணிக்கு எங்கள் தெருவுக்குக் கேரல் வருகிறது. அதில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் கட்டுபவர் எங்கள் கிளையின் தற்காலிக உதவியாளர். கிளையைப் பூட்டிச் சாவி ஒப்படைக்கும் பொறுப்பும் அவருடையதே. தங்கள் கூட்டம் என்றைக்கும் ஒன்பதுக்கு முன் முடிந்ததில்லை. தாடியும் சிவப்பு அங்கியும் இப்போது ஸ்டேஷனரி அலமாரியில் காத்திருக்கின்றன. கூட்டத்துக்கு நடுவே அவர் பின்னணியில் தென்பட்டால் சீருடை மீறலாகக் கொள்ள வேண்டாம்.

வீட்டிலிருந்தே கலந்துகொள்ள அனுமதித்தால் கேமராவைக் குடில் பக்கம் திருப்பி வைக்கிறேன். ஒட்டகமும் நாங்கள் பேசும் அளவுக்குப் பேசும்.

26-ஆம் தேதி காலை பத்து மணிக்கும் ஒரு கூட்டம் போட்டிருக்கிறீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு குளச்சல், மணக்குடி கரைகளில் அந்தக் காலைப்பொழுது கல்லறைகளில் கழிகிறது. எங்கள் காசாளர் அங்கே போக வேண்டியவர். அவரைக் கூப்பிடாதீர்கள். இந்தப் பத்தியில் பகடி இல்லை.

ஆகவே பார்வை 1, பார்வை 2 ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை ரத்து செய்து உத்தரவிட வேண்டுகிறேன். மாலை கிடைப்பதானால் வாழ்த்து இல்லாமலும் சமாளித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிளை அதிகாரி.

இணைப்பு: முந்திரிக்கொத்து, பொட்டலம் ஒன்று. பல நாள் கெடாது. தங்கள் தபால் பிரிவை மனத்தில் வைத்தே இதைத் தேர்ந்தேன். பெறப்பட்டது, தின்றது, மீதம், சென்ற ஆண்டைவிட வளர்ச்சி ஆகிய பத்திகளுடன் கூடிய அறிக்கையை இன்று மாலை 6.30-க்குள் அனுப்பி வைக்கவும். தாமதத்துக்குத் தனியே விளக்கம் தர வேண்டியிருக்கும்.