சோடாவுல கை பழகு, மருமவனே

வாடே மருமவனே. பெங்களூர்ல இருந்து ரப்பர் குழாயும், கேஸ் சிலிண்டரும், 19 லிட்டர் ஸ்டீல் பீப்பாயும் கொண்டாந்து இறக்கியிருக்கியாம். உங்க அத்தை அத ஆக்சிஜன் சிலிண்டர்னு நெனச்சு, யாருக்கு மூச்சு முட்டுதுன்னு பதறிட்டா. வீட்டுலயே பீர் காச்சி, பீப்பாயில அடைச்சு, நுரை கட்ட வைக்கப் போறியாமே! நம்ம தமிழ்நாட்டுல அதுக்குச் சட்டம் இடம் குடுக்காதுடே. பனையேறி இறக்குத கள்ளையே 1987-ல நிப்பாட்டின அரசாங்கம், உன் பீப்பாய்க்கு மாலை போடவா வரும்?

எனக்கு இந்தச் சமாச்சாரமெல்லாம் ஒண்ணுந் தெரியாது. நாலு பேரு பேசக் கேட்டதுதான். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா பதநீர். தடவாம விட்டா கள். காத்துல கெடக்க ஈஸ்ட் பட்டதும் சாறு பொங்க ஆரம்பிச்சிரும். சீனிச்சத்தத் தின்னுட்டு ஈஸ்ட் போதையையும் கரியமில வாயுவையும் கக்கும். அந்த வாயு போக வழியில்லாம பாட்டில்ல இறுக்கி அடைச்சா வெடிச்சிரும். சுண்ணாம்பு தடவ 'மறந்து போற' ஆளு யாருன்னு மட்டும் எங்கிட்ட கேக்காத.

நீ சிலிண்டர வச்சு வெளிய இருந்து வாயுவத் தள்ளப் போற. தள்ளு. ஆனா குளுந்த தண்ணிதான் அத வாங்கி வச்சிக்கிடும். 0 டிகிரியில கரையுத வாயு, 25 டிகிரியில கரையுததவிட ரெண்டு மடங்குக்கு மேல. பீர 4 டிகிரியில வச்சு, 12 பவுண்டு அழுத்தம் குடுத்து, ஒரு வாரம் சும்மா கெடன்னு விட்டா பதமா ஏறும். நம்ம சித்திரைச் சூட்டுல அதே அளவு ஏத்தணும்னா 40 பவுண்டுக்கு மேல போவணும். அப்புறம் குழாயத் தொறந்தா கிளாஸ்ல முக்காவாசி நுரைதான். அதக் குடிக்கவா இம்புட்டுத் தூரம் சொமந்து வந்த?

அழுத்தம் சட்டுனு கொறஞ்சா வாயு பொங்கும்னு நம்பலன்னா, தூத்துக்குடி திரேஸ்புரத்துல சங்கு குளிக்கப் போறவங்களக் கேளு. கல்லைப் பிடிச்சு மூச்சடக்கி இறங்குன முத்துக்குளிப்பு 1961-ஓட போச்சு. இப்ப சங்குக்கு கம்ப்ரசர் காத்துக் குழாயக் கடிச்சிக்கிட்டு இறங்குதாவ. ஆழத்து அழுத்தத்துல நைட்ரஜன் ரத்தத்துல கரையும். ஆளு விருட்டுனு மேல வந்தா, தொறந்த சோடா மாதிரி உடம்புக்குள்ள குமிழி கெளம்பி மூட்டு மூட்டா முடக்கிப் போடும். மெள்ள ஏறி வாரவன்தான் மறுநாளும் கடலுக்குப் போவான். ஃபிரிட்ஜ அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கத் தொறந்து பாக்குத உனக்கு இது எங்க வெளங்கப் போவுது?

அதனால முதல்ல சோடாவுல கை பழகு. மட்டமா நெனைக்காத, சோடா பொறந்ததே பீர்த் தொட்டிக்கு மேலதான். 1767-ல இங்கிலாந்து லீட்ஸ்ல ஜோசப் பிரீஸ்ட்லி, பக்கத்து பீர் ஆலைத் தொட்டிக்கு மேல தங்கி நின்ன வாயுவத் தண்ணியில கலந்து பாத்தாரு. மனுசன் பாதிரியார் வேற! 1872-ல ஹைரம் காட் கோலி பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினாரு. உள்ள இருக்க வாயுவே கோலியத் தள்ளி வாய அடைச்சிக்கிடும். நீ கொண்டாந்த மாதிரிப் பீப்பாயே கலர் கம்பெனிக்காரன் பாகு ஊத்தி வைக்கச் செஞ்சதுதான்.

உடன்குடி கருப்பட்டியக் காச்சி வடிகட்டு. சுக்கும் எலுமிச்சையும் சேத்து, நல்லாக் குளுர வச்சு, 12 பவுண்டுல ஒரு வாரம் விடு. போலீஸ்காரர் வந்தாலும் ஒரு கிளாஸ் ஊத்திக் குடுத்து உக்கார வைக்கலாம். சட்டம் மாறுத அன்னைக்கு உன் கையும் பழகியிருக்கும். ருசி பாத்துச் சொல்ல, ஒண்ணுந் தெரியாத ஒரு மாமனும் இருப்பேன்.